ஜெசிந்தா டீச்சர் எழுதிய நான்கு பக்கங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வாசலில் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் பழைய மாணவன் கோமதிநாயகம் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான்.

"சார், விஷயம் தெரியுமா? நம்ம ஜெசிந்தா டீச்சர் போயிட்டாவ. காலைல காபி போடப் போனவங்க அடுப்படியிலயே சாஞ்சிட்டாவளாம்."

பூக்காரம்மா பொட்டலத்தை நீட்டியபடியே இருந்தார். முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். 'இனி அவரிடம் சொல்ல முடியாது' என்பதுதான் முதலில் வந்தது. எதைச் சொல்ல முடியாது என்பதை எழுதத்தான் பழைய மாணவர்கள் போடும் இந்த அஞ்சலி இதழில் கொஞ்சம் கூடுதலாக இடம் கேட்டேன்.

நான் தமிழாசிரியர், அவர் வரலாறு. ஒரே பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரிடம் படித்தவர்களுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது 'சிறுவயதிலேயே' என்ற சொல்லைப் போட்டால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். 'சிறுவயதிலேயே வீரத்தோடு விளங்கினார்', 'சிறுவயதிலேயே உண்மையே பேசினார்' என்று எந்தப் பிள்ளையும் எழுத முடியாது.

"சிறுவயசுல எல்லாரும் பிள்ளைகதான். அவரும் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு தூணைக் கட்டிப்பிடிச்சிருப்பாரு. அது தெரியாட்டா நம்ம பிள்ளைகளுக்கு அவரு எதுக்கு?" என்பார்.

காலாண்டுத் தேர்வில் தோற்ற ஒரு பெண் வகுப்பில் அழுதுகொண்டிருந்தது. அன்று நடத்தவேண்டிய பாடத்தை விட்டுவிட்டு, உலகமே கொண்டாடிய நம் நாட்டுக் கணித மேதை கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்றுப்போன கதையைச் சொன்னாராம். கடைசியில் அந்தப் பெண்ணிடம், "ஏட்டி, இதைக் கேட்டுட்டு நீயும் மேதை ஆயிருவேன்னு நெனச்சிராத. தோத்தா உலகம் முடிஞ்சிராது, அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றிருக்கிறார். வகுப்பு சிரித்தது, அந்தப் பெண்ணும் சிரித்தது. இதை அவரே ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டு, "நான் அதையும் முழுசாச் சொல்லலியே சார், அந்த மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு" என்று வருத்தப்பட்டார். பாதி சொல்வதுகூட அவருக்குப் பொய் மாதிரிதான்.

எங்கள் பள்ளியில் படித்துப் பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற தியாகியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய நினைவு நாளில் வருடாவருடம் ஒரே நாடகம்தான் போடுவோம். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்வையிட வருவார். பிள்ளைகள் எழுந்து நின்று மன்னரை வாழ்த்திப் பாடுவார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். தலைமையாசிரியர் பிரம்பால் கையில் அடிப்பார். பையன் அப்போதும் பாடமாட்டான். அவன்தான் பின்னாளில் தியாகியான சிறுவன். திரை விழும், ஊர் கைதட்டும். நானே பல வருடம் அந்த நாடகத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பள்ளியின் நூற்றாண்டு விழா வந்தது. தியாகிக்குச் சிலை திறப்பதாகவும் மலர் ஒன்று வெளியிடுவதாகவும் முடிவானது. மலருக்கு என்னை ஆசிரியராகப் போட்டார்கள். 'தியாகியின் பள்ளிப் பருவம்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி டீச்சரைக் கேட்டேன். தெரிந்த கதைதானே, ஒரு வாரத்தில் தந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்கு அடியில் கிடந்த பழைய வருகைப் பதிவேடுகளையும், இன்ஸ்பெக்டர் வருகையை எழுதிவைக்கும் பார்வைக் குறிப்பேட்டையும் வெளியே எடுத்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஏடு ஏடாகப் புரட்டினார். ஒருநாள் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"சார், இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்குத் தியாகி பள்ளிக்கூடத்துக்கே வரல. பத்து நாளா லீவு. அம்மை போட்டிருக்குன்னு எழுதியிருக்கு பாருங்க."

குறிப்பேட்டின் அந்த நாள் பக்கத்தில், பழைய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. வாழ்த்துப் பாட மறுத்த மாணவி ஆவுடையம்மாள், நான்காம் வகுப்பு, தண்டிக்கப்பட்டார், பெயர் நீக்கப்பட்டது. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தியாகியின் தகப்பனார் பெயர். அவருடைய அக்கா.

டீச்சர் அத்தோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பனவடலிசத்திரம் போனார். ஆவுடையம்மாளின் மகள் ராமலட்சுமி அங்கே இருந்தார், எண்பதைத் தாண்டியவர். அவர் சொன்னதை டீச்சர் ஒரு சொல் மாறாமல் எழுதி வந்திருந்தார்.

"எங்க அம்மைக்கு வலது கைச் சுண்டுவெரல் கடைசி வரைக்கும் மடங்காது. அன்னைக்கு அடிச்ச அடி. அதோட படிப்பு போச்சு, ரெண்டு வருசத்துல கட்டிக் கொடுத்துட்டாவ. மாமா ஜெயில்ல இருந்து வந்தப்ப ஊரே மாலை போட்டுச்சு. அவரு நேரா எங்க வீட்டுக்கு வந்து அம்மை கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அக்கா, நீ செஞ்சதை நான் செஞ்சேன்னு ஊரு சொல்லுது. நான் இல்லைன்னு சொல்லாம விட்டுட்டேன்'னு அழுதாரு. 'விடுல, யாரு செஞ்சா என்ன'ன்னு அம்மை சொல்லிட்டா. ஆனா எனக்கு விட மனசில்ல டீச்சர். எங்க அம்மை பேரு ஒரு தாள்லயாவது வரணும்."

நான்கு பக்கங்கள். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் என் கைக்கு வந்த எழுத்துகளில் அவ்வளவு நேர்மையான ஒன்றை நான் படித்ததில்லை. தியாகியை ஒரு சொல்லால்கூட அவர் தாழ்த்தவில்லை. அக்காவிடம் பார்த்த தைரியத்தைத் தம்பி வாழ்நாள் முழுவதும் சுமந்தார் என்றுதான் முடித்திருந்தார். "டீச்சர், மலர்லயே இதுதான் உசத்தி" என்றேன். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

விழாக் குழுத் தலைவர் படித்துவிட்டு என்னைத் தன் கடைக்கு வரச்சொன்னார். "சார், நல்லாத்தான் எழுதியிருக்காவ. நான் இல்லேங்கல. ஆனா அடுத்த வாரம் சிலை தெறக்கப் போறோம். பிள்ளைக நாடகம் போடுதாவ. இந்த நேரத்துல அது அவரு இல்ல, அவுக அக்கான்னா ஊரு சிரிக்கும்லா? பழைய கதையவே போட்ருங்க" என்றார். அவர் கெட்டவர் அல்ல. மிரட்டவும் இல்லை. கலர் சோடா வாங்கிக் கொடுத்துச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். நான் மறுத்திருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். மறுத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் குற்றம். மலர் ஆசிரியர் என்று மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு, பழைய கதையை நானே இரண்டு பக்கமாக எழுதினேன். பொருளடக்கம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று காரணம் சொல்லிக்கொண்டு, கட்டுரைக்கு அடியில் இருந்த ஜெசிந்தா டீச்சரின் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலர் வந்த அன்று, ஆசிரியர் அறையில் அவர் நின்றுகொண்டே அதைப் படித்தார். படித்து முடித்து மூடினார்.

"'சிறுவயதிலேயே'ன்னு மூணு எடத்துல போட்டிருக்கீங்க சார்" என்றார்.

"டீச்சர், குழுவுல…" என்று நான் ஆரம்பித்தேன்.

"பனவடலில அந்த அம்மா எப்ப வரும், எப்ப வரும்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

மணி அடித்தது, அவர் வகுப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளி மலருக்கோ விழாவுக்கோ அவர் ஒரு வரி எழுதியதில்லை. நினைவு நாள் நாடகத்தின்போது நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். என்னிடம் பேசாமல் இருந்தாரா என்றால் இல்லை. மாமூலாகப் பேசினார், டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பு நீட்டினார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தேன். என்னைக் கைபிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார். பந்தியில் அவர் தனியாக நின்ற நேரம் பார்த்து, "டீச்சர், அன்னைக்கு அந்த மலர்ல நான்…" என்றேன். "மொதல்ல சாப்பிடுங்க சார், ரசம் ஆறுது" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் சொல்ல வந்ததை அவர் தவிர்த்தாரா, என்னைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவது முறை முயன்றிருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் இதே ஊரில், நடந்தால் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தோம். ஒரு மாலை போயிருக்கலாம். வீட்டுக்கு எதிரே ஆட்டோவில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் மாலையோடுதான் போனேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு விவசாயி என்னிடம் வந்தார். "நீங்கதான மலர் போட்ட சார்?" என்றார். "நான் பனவடலி. ராமலட்சுமி மகன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்க அம்மை சாகுத வரைக்கும் உங்க பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாவ. ஒரு நாளாவது வீட்டுக்கு வாங்க சார்."

என்ன என்று புரியாமலேயே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்து எங்கள் நூற்றாண்டு மலரை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அதே அட்டை, அதே கட்டு. அட்டைக்கு உள்ளே மலர் ஆசிரியர் என்று என் பெயர். தியாகியின் கட்டுரை இருக்க வேண்டிய இடத்தைத் திருப்பினேன். அங்கே என் இரண்டு பக்கம் இல்லை. 'ஆவுடையம்மாள், நான்காம் வகுப்பு' என்ற தலைப்பில் டீச்சரின் நான்கு பக்கங்கள் இருந்தன. அதே எழுத்து வகை, அதே ஓரக்கோடு. தாள் மட்டும் சற்று வெளுப்பு. டீச்சர் ஒரே ஒரு பிரதியைப் பிரித்து, தன் பக்கங்களை அச்சிட்டுச் சேர்த்து, மறுபடி பைண்டு செய்து அந்த அம்மாளின் கையில் கொடுத்திருக்கிறார்.

"டீச்சர் கொண்டுவந்த அன்னைக்கு எங்க அம்மை அவுகளைக் கும்பிடப் போயிட்டாவ" என்றார் மகன். "டீச்சர் விடல. 'என்னைய எதுக்குக் கும்பிடுதீங்க? இதைப் போடக்கூடாதுன்னு எல்லாரும் சொன்னாவ. எங்க மலர் ஆசிரியர் சார்தான் ஒத்த ஆளா நின்னு சண்டை போட்டுப் போட்டாரு'ன்னு சொன்னாவ. அம்மைக்குக் கண்ணு தெரியாமப் போன பொறவும் டீச்சர் வருசத்துக்கு ஒருக்கா வந்து வாசிச்சுக் காட்டிட்டுப் போவாவ."

அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய பேத்தி பள்ளிச் சீருடைப் பாவாடையோடு வந்து நின்றது. "சார் முன்னால வாசி மக்கா" என்றார். அது முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தது. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். இதன் நகலைப் பனவடலிக்கும் அனுப்புகிறேன். அந்த நான்கு பக்கங்களைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறேன். இந்த வருட நினைவு நாளுக்குள் அவற்றை அச்சிட்டுப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று பழைய மாணவர்களாகிய உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கேட்டிருக்க வேண்டிய டீச்சரும் ராமலட்சுமி அம்மாளும் போய்ச்சேர்ந்த பிறகு கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

நான் அவர் பெயரில் ஒரு பொய்யை அச்சிட்டேன். அவர் என் பெயரில் ஓர் உண்மையை அச்சிட்டு, அதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடாமல் போய்விட்டார். ஜெசிந்தா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நான் செய்யாத ஒரு நல்ல காரியம்.