தோலில்லாத காட்டுக்கோழி

சண்டையால் வடக்கே போகும் பாதை பூட்டியிருந்ததால் அண்ணாவின் லொறி மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் படவரைஞராக இருந்தேன். வீட்டுக்குள் வந்தது என் சம்பளம் மட்டும்தான். அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் எங்கள் கந்தோர்க் கன்டீனை நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, தனக்குக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னார்.

நான் தலைமை எழுதுவினைஞரிடம் கேட்டேன். அவர் பகிடிக்காரர்.

"சோறு கறி எல்லாரும் சமைப்பினம், பிள்ளை. எங்கடை ஐயா இந்த மாதக் கடைசியிலை பென்ஷன் போறார். சனிக்கிழமை விருந்துக்கு அவற்றை காட்டுக்கோழியை முழுசா வாட்டி வைக்கிற ஆளுக்குத்தான் கன்டீன்."

கந்தோரே சிரித்தது. ஐயாவின் காட்டுக்கோழிக் கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் பெரிய பொறியியலாளரான ஐயா இளம் வயதில் கந்தளாய்க் குளத்தடி விடுதியில் தங்கியபோது, அங்கிருந்த சமையற்காரர் ஒரு காட்டுக்கோழியை முழுதாக வாட்டிக் கொடுத்தாராம். பல்லில் முறுகிய அதன் தோலைப் பற்றி ஐயா சொல்லாத கூட்டம் இல்லை.

வீட்டில் இதைப் பகிடியாகத்தான் சொன்னேன். மச்சாள் சிரிக்கவில்லை.

"கந்தளாயிலை சின்ன மாமா கண்ணி வைக்கிறவர்தானே?" என்றார்.

சின்ன மாமா என்றது என் சித்தப்பாவை. ஒரு காட்டுக்கோழி வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினோம். கோழியை மச்சாள் பார்ப்பது, சூட்டை நான் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். பேக்கரிப் போறணையில் வைக்கக் கேட்டால், விறகில்லாமல் பாணே ஒரு நேரம்தான் போடுகிறோம் என்று கையை விரித்தார்கள். ஆகவே வேண்டியவற்றை எழுதினேன்: கனமான மூடியுள்ள பெரிய சட்டி, கழுவிக் காயவைத்த கடல்மணல், கவிழ்த்து வைக்க ஒரு தகரத் தட்டு, சிரட்டைக்கரி. அடியில் மணல், மணலின் மேல் தட்டு, தட்டின் மேல் கோழி. நெருப்பு கீழேயும் மூடியின் மேலேயும். வரைபடத் தாளில் ஒரு துண்டை உள்ளே போட்டுச் சோதித்தேன். முதலில் கருகியது. மேல்கரியைக் குறைத்ததும் தேநீர் நிறத்துக்கு வந்தது. அதுதான் எனக்கு வேண்டிய சூடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சித்தப்பா பஸ்ஸில் வந்திறங்கினார். ஒரு கையில் வாழையிலைப் பொதி, மறு கையில் ஒரு மண்முட்டி.

"உங்களுக்கு ஒரு வேலையும் வைக்கேல்லை. உரிச்சு, குடலெடுத்து, மஞ்சளும் பூசிக் கொண்டு வந்தனான்."

மச்சாள் பொதியை அவிழ்த்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்ன உடம்பு, உருண்ட நெஞ்சு, மஞ்சள் பூசிய வெறும் இறைச்சி.

"தோல் எங்கை, சித்தப்பா?"

"என்ன பிள்ளை கேள்வி? கோழித்தோலை ஆர் தின்னுறது? நாய்க்குப் போட்டனான்."

அவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் கோழி என்றால் உரித்துத்தான் கறிக்கு வெட்டுவோம். தோலோடு வேண்டும் என்று சொல்லிவிட எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இனி விருந்துக்கு முன் வேறு கோழி வராது.

நான் வழக்கம்போல் எண்ணத் தொடங்கினேன். "ஒண்டு, கறியாக்கலாம். இரண்டு, பக்கத்து வீட்டிலை ஊர்க்கோழி வாங்கலாம். மூண்டு, எங்களாலை ஏலாதெண்டு சொல்லலாம்."

"மூண்டையும் வெட்டுங்கோ, மச்சாள்," என்றார் அண்ணாவின் மனைவி; நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "அந்த முட்டிக்குள்ளை என்ன மாமா?"

"எருமைத் தயிர். மருமகளுக்கெண்டு கொண்டு வந்தனான்."

மச்சாள் முட்டியை வாங்கித் திறந்தார். மேலே விரல் தடிப்பில் மஞ்சளோடிய ஏடு. அதை உடையாமல் அகப்பையால் வழித்தெடுத்தார். அதில் பாதியில் உள்ளிப்பூண்டு, வறுத்து இடித்த மிளகு, உப்பு சேர்த்துக் குழைத்தார். காட்டுக்கோழியில் கொழுப்பு இல்லை, தோலும் போனால் நெருப்பில் கட்டையாகிவிடும் என்றார். தயிரின் கொழுப்பை அதற்குப் போர்த்துவதுபோல் நெஞ்சிலும் தொடையிலும் பூசி, கொண்டுவந்த வாழையிலையையே வாட்டிச் சுற்றி, நாரால் கட்டினார். அவர் கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நானாக இருந்தால் அரை மணித்தியாலம் தோலுக்காக அழுதிருப்பேன்.

சனிக்கிழமை காலை சட்டியை ஏற்றினோம். பாதி வெந்ததும் மச்சாள் மூடியைத் தூக்கப் போனார்.

"திறக்காதையுங்கோ, சூடு போயிடும்!"

"சட்டி உங்கடையாய் இருக்கலாம். கோழி என்ரை."

இலையை விரித்து, மிச்ச ஏட்டைப் பூசி, மூடியின் மேல் இன்னும் கரி போடச் சொன்னார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பொரியும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்தபோது கோழியின் மேல் பொன்னும் கபிலமுமாக ஒரு மொறுமொறுத்த படை பிடித்திருந்தது.

கந்தோருக்குப் போகும் வழியில் சந்திக் காவலில் கோழிக் கூடையைத் திறந்து காட்டினோம். சிப்பாய் குனிந்து மணந்துவிட்டு மூடச் சொன்னார்.

விருந்து மேசையில் கோழியை ஐயாவுக்கு முன்னால் வைத்ததும், தலைமை எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார்.

"தோலைக் காணேல்லை! தோல் இல்லாம உதென்ன கோழி?"

மச்சாள் அசையவில்லை.

"தோலைக் கந்தளாயிலை ஒரு நாய் திண்டிட்டுது, ஐயா. மிச்சம் முழுக்க இஞ்சை இருக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் மச்சாள் ஒரு தொடையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது மூட்டோடு கழன்று வந்தது. அதை ஐயாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். ஐயா மென்றார்.

"உண்மையைச் சொல்லட்டே?" என்றார் ஐயா. "அண்டைக்குச் சாப்பிட்டது மெல்ல ஏலாமக் கிடந்தது. முறுகின தோல் மட்டும்தான் வாய்க்குள்ளை போனது. அதுதான் தோல், தோல் எண்டு சொல்லித் திரிஞ்சனான்." சொல்லிக்கொண்டே மற்றத் தொடையைத் தானே பிய்த்தெடுத்தார்.

தலைமை எழுதுவினைஞர் கையை உயர்த்தினார். "சரி பிள்ளை, தோத்துப் போனன். திங்கக்கிழமை தொடங்குவியளோ?"

இந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று சொல்லத்தான் ஒரு கிழமையாக நாங்கள் பாடுபட்டோம்.

"ஏலாது, ஐயா," என்றார் மச்சாள். "கன்டீன் குசினியை இப்பதான் பாத்தனான். புகை போக வழியில்லை. புகைக்கூடு ஒண்டு கட்டித் தாங்கோ, அடுத்த நாளே அடுப்பு மூட்டுறன்."

ஐயா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "படம் கீறுற ஆள் உங்கடை வீட்டிலையே இருக்கிறாவே!"

அந்தப் புகைக்கூட்டை நான்தான் வரைந்தேன். பென்ஷன் போவதற்கு முன் ஐயா ஒப்பமிட்ட படங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த முறை வந்தபோது சித்தப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு, "நான் உரிச்சுக் கொண்டு வந்தபடியாத்தானே கன்டீனே கிடைச்சது?" என்றார்.

"ஓம் மாமா," என்றார் மச்சாள், பிளேன்டீயை நீட்டியபடி. "இனிக் கிழமைக்கு ரெண்டு முட்டி தயிர் கன்டீனுக்கு வேணும். ஏட்டைக் கலைக்காமக் கொண்டு வாங்கோ."