கிருத்திகைதோறும் திணறிய பிக்கப்

மெக்கானிக் தொழிலில் ஒரு சாபம் உண்டு: வழியெல்லாம் உயிரை வாங்குகிற வண்டி, ஷெட் வாசலுக்கு வந்ததும் பரம சாதுவாகிவிடும். பழைய வண்டி வைத்துச் சீரழிந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "இப்பத்தான் உதறிச்சு மேஸ்திரி" என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள், எஞ்சின் ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். உலக யுத்தம் முடிந்த சமயத்தில், திருத்தணியில் அரக்கோணம் ரோட்டின்மேல் ஷெட் போட்டிருந்த எனக்கு அப்படி வாய்த்தது ஜெயராம நாயுடுவின் பிக்கப்.

மண்ணெண்ணெய்ப் புகார்

முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. யுத்தத்துக்கு முந்தின வண்டி. நாயுடு அதில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றி அரக்கோணம் சந்தைக்கு அனுப்புவார். டிரைவர் ஏழுமலை. அதிகம் பேசமாட்டான், வண்டியைச் சொந்தப் பிள்ளைபோலத் துடைத்து வைத்திருப்பான்.

ஒருநாள் இருவரும் வண்டியோடு வந்தார்கள். காலையில் கிளம்பும்போது நாலு சிலிண்டரில் இரண்டுதான் இழுக்கிறதாம். நிறுத்தி வைத்தால் வண்டியே ஆடுகிறதாம், தொட்டியிலிருந்து கூடை சரிகிறதாம். நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை.

அப்போது பெட்ரோல் கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கும், கள்ளவிலைக்கு விற்றால் நல்ல காசு. நாயுடு என்னைத் தனியே அழைத்து, ஏழுமலை பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாங்கியிலிருந்து ரெண்டு சொட்டு எடுத்து அவர் உள்ளங்கையிலேயே விட்டேன். சில்லென்று பறந்துவிட்டது. பிசுக்கும் இல்லை, மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. நாயுடு கையை மோந்து பார்த்துவிட்டு, பிடித்த பிடியை விடாமல் மறுபடியும் சொன்னார்: "இன்னிக்கு நல்ல பெட்ரோலு ஊத்திகினு வந்திருக்கான் மேஸ்திரி. மத்த நாளு வித்துப்புட்டு மண்ணெண்ணெதான் ஊத்தறான்."

ஊர் வைத்தியம்

நான் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். வண்டி நன்றாக ஓடியது. அடுத்த மாதம் மறுபடியும் உதறல். வயர் மாற்றினேன். நன்றாக ஓடியது. அதற்கடுத்த மாதம் மறுபடியும்.

இதற்குள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கு என்றார் ஒருவர். திருப்பதி பஸ் டிரைவர் எஞ்சினையே மாற்றச் சொன்னார். எதிர் டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி சரியாத்தான்பா கீது. மேஸ்திரிய மாத்துங்க."

ஏழுமலையின் கணக்கு

ஒரு மத்தியானம் ஏழுமலை தனியாக வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. இன்னொரு தரம் வண்டி உதறினால் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாராம் நாயுடு. வேலை போவதுகூடப் பெரிதில்லை, பெட்ரோல் திருடன் என்று பெயர் எடுத்தவனை இந்தப் பக்கத்தில் எவன் வண்டி ஏற்றுவான்? மணவூரில் பெண் பார்த்து முடிவாகியிருந்த கல்யாணமும் அந்தரத்தில் நின்றது. எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எந்தெந்த நாள் உதறியது என்று கேட்டேன். எல்லாமே கிருத்திகை. அவன் அதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தான்: "ஒரு கிருத்திகையன்னிக்குத் தெரியாம கருவாட்டுக் கொழம்பு துன்னுட்டேன் மேஸ்திரி. முருகன் அத்த மனசுல வெச்சிகினு கீறாரு."

பட்டை

அடுத்த கிருத்திகையன்று காலையில் நானே நாயுடு வீட்டுக்குப் போனேன். சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு, கையில் பூஜைத் தட்டுடன் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலை ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் பிடித்தது, உடனே உதறத் தொடங்கியது. நாயுடு அவனைப் பார்த்த பார்வையில் பேச்சே தேவையில்லை. ஏழுமலை சாவியைக் கழற்றிக் கொடுக்கக் கையைக் கொண்டுபோனான்.

"இருப்பா" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் கறுப்பு மூடி இருக்கிறதே, அதன் தலையில், ஒரு வயரிலிருந்து இன்னொரு வயர்வரை, குழைத்த விபூதியில் மூன்று பட்டை. நடுவில் குங்குமம். ஈரம்கூடக் காயவில்லை. விரலைக் கிட்டே கொண்டுபோனதும் விட்டது பாருங்கள் ஒரு அடி! "முருகா!" என்று அலறி ரெண்டடி பின்னால் போய் விழுந்தேன். நாயுடு பரவசமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "பாத்தியா மேஸ்திரி, சாமி உள்ளதான் கீது!"

துடைத்த துணி

கிருத்திகைதோறும் நாயுடு தன் கையால் போடுகிற பட்டையின் ஈரத்தில் மின்சாரம் வழி தவறிப் பக்கத்து வயருக்குத் தாவியதுதான் உதறலுக்குக் காரணம். ஷெட்டில் இது ஏன் என் கண்ணில் படவில்லை? ஏழுமலையைக் கேட்டேன். "உங்க எண்ணெக் கை திருநீத்துமேல படக்கூடாதேன்னு நான்தான் சுத்தமா தொடச்சிகினு வருவேன்" என்றான். தன்மேல் விழுந்த பழிக்கு இருந்த ஒரே சாட்சியை மாதாமாதம் அவனே பக்தியோடு துடைத்திருக்கிறான்!

விபூதியால் கோளாறு என்று நாயுடுவிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் துடைத்து, மறுபடியும் ஓடவிட்டேன். அருமையாக ஓடியது. திரும்ப நிறுத்தி, "நைனா, இப்ப உங்க கையால பட்டை போடுங்க" என்றேன். போட்டார். ஓடவிட்டதும் வண்டி உதறியது. அவர் எஞ்சினைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

மன்னிப்பெல்லாம் கேட்கிற மனுஷர் இல்லை நாயுடு. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, மூடியைத் தன் ஈர வேட்டி படாமல் மேல்துண்டால் துடைத்தார். அப்புறம், இதுவரை மனைவி மக்களிடம்கூடக் கொடுக்காத விபூதித் தட்டை ஏழுமலையிடம் நீட்டினார்: "எங்க வெச்சா வண்டி ஓடுமோ, அங்க நீயே வையிப்பா. கல்யாணத்துக்கு நம்ம வண்டியிலயே போலாம்."

இத்தனை வருஷ அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: வண்டியில் எந்தப் பாகம் கெட்டாலும், முதலாளிகள் முதலில் மாற்ற நினைக்கிற பாகம் டிரைவர்தான்.