என் பெயரில் இருந்த பைக்

எங்கள் பைக்கில் பெட்ரோல் வாசனையை விட கராம்பு வாசனைதான் தூக்கலாக அடிக்கும்.

பல்லேபொலப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் கணவர் சிவாவின் தொழில். காலையில் பின் சீட்டில் நான். என்னைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்ட பிறகு அதே சீட்டில் மூட்டை. மாலையில் மூட்டை இறங்கியதும் மறுபடி நான்... சேலையெல்லாம் வாசனை. "என்ன டீச்சர், வீட்டுல பிரியாணியா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள்.

வண்டி என் பெயரில்தான் இருந்தது. மாதச் சம்பளக்காரி நான் என்பதால் லீசிங் கம்பெனியில் என் கையெழுத்தைத்தான் கேட்டார்கள். அதனால் தினமும், "ஓனரம்மா, ஏறுங்க. நேரமாச்சு" என்பார் சிவா.

ஒரு மழை நாளில், நாவுலவிலிருந்து வரும் வழியில், வளைவில் சறுக்கிவிட்டது. இவர் ஒரு பக்கம் விழ, வண்டி எதிரே வந்த லொறிக்கு அடியில் போய்விட்டது. இவருக்குக் கை முறிவு, நெற்றியில் தையல். அந்த மட்டில் பிழைத்தார்.

நொறுங்கிய வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். இன்ஷூரன்ஸ் அதிகாரி பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இவரை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வந்து பார்த்தால், மாமி, சிவாவின் அம்மா, வண்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூசணிக்காய் உடைத்து, வளைந்த ஹேண்டிலில் எலுமிச்சம்பழம் குத்தி, டாங்கி முழுக்கக் குங்குமம் அப்பி வைத்திருக்கிறார்!

அன்று மாலையே அதிகாரி வந்தார், சிங்களவர். போட்டோ எடுக்கக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மிஸ்... இது லே... ரத்தமா?"

"இல்ல சேர், குங்குமம்."

"வண்டிக்கா?"

"திருஷ்டிங்க ஐயா" என்றார் மாமி, கதவுக்குப் பின்னாலிருந்து.

"இந்த லெட்சணத்துல கெடக்குது... இனி யாரும்மா இதுமேல கண்ணு வைக்கப்போறா?" என்று கட்டுப்போட்ட கையோடு சிவா சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. திருத்தும் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டுகிறதாம். டோட்டல் லொஸ். லீசிங் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்ததால், வண்டியை அவர்களிடம் ஒப்படைத்தால் முழுத்தொகையும் எங்களுக்கு. நாங்களே வைத்துக்கொண்டால் குறைத்துத் தருவார்கள்.

எனக்கு வைத்துக்கொள்ளத்தான் ஆசை. வழக்கமாக எங்கள் வண்டியைத் திருத்தும் கராஜ்கார முஸ்லிம் நானாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எஞ்சின் நல்லாத்தான் ஈக்கிது தங்கச்சி. செசிதான் வளஞ்சிட்டு. கொஞ்சம் பொறுத்தீங்கண்டா நான் செஞ்சி தாரேன்" என்றார்.

மாமி பிடி கொடுக்கவே இல்லை. "ரத்தம் பாத்த வண்டி புள்ள. அது வாசல்ல கெடந்தா எம் மகன வெளிய அனுப்பவே மாட்டேன். எங்கயாவது போய்த் தொலையட்டும்."

சிவாவுக்கு வேறு கணக்கு. "புது வண்டி விக்கிற வெலைக்கு நம்மளால வாங்க முடியுமா? அந்தக் காச ஏஜென்சில கட்டினா கட்டார் போயிரலாம் டீச்சர். ரெண்டே வருஷம். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓனர் நானாயிற்றே... என் கையெழுத்து இல்லாமல் வண்டி வாசலை விட்டு நகராது.

வண்டி வாசலில் நின்றால் இவரும் ஊரில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? கை இன்னும் சரியாகக் கூடாத மனிதரிடம், மகன் பிழைத்ததே போதும் என்றிருக்கும் தாயிடம், எனக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று எப்படிச் சொல்வது?

கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

சின்ன லொறி ஒன்று வந்து ஏற்றிப் போனது. அது வளைவில் மறைந்ததும் மாமி வாசலைக் கழுவி, "எம் புள்ளயப் புடிச்ச கண்டம் போச்சு" என்றார். அவருக்கு அன்று அத்தனை நிம்மதி. சில மாதங்களில் மகனும் கட்டாருக்குப் போனார்.

இரண்டு வருஷம் என்று போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு கான்ட்ராக்ட் மட்டும்" என்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் வீடியோ கோல் வருகிறது. வீட்டுக்கு டைல்ஸ் போட்டாயிற்று. எனக்கு ஒரு ஸ்கூட்டரும் வாங்கித் தந்திருக்கிறார். காலையில் நானே எடுத்துக்கொண்டு போகிறேன்... பாடசாலை வரைக்கும் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் இருட்டும் நேரத்தில் எங்கள் பைக் வந்து நின்றதும் வீட்டில் ஒரே சத்தமாக இருக்கும். இப்போது மாமியும் நானும் டீவி நாடகம் பார்க்கிறோம். வெளியே பாதையில் ஏதாவது பைக் ஏறிவரும் சத்தம் கேட்டால் மாமி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார். நானும் அசையாமல் இருப்பேன்.

அது எங்கள் கேட்டைத் தாண்டி மேலே போகும்.

மாமி சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாடகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பேசிக்கொள்வோம்.