சோணை முதலாளியை உதைத்த படம்

1. பரணில் இருந்த டப்பாக்கள்

பிலிம் டப்பாவைத் திறந்ததும் முதலில் மோந்து பார்க்க வேண்டும். புளித்த காடி வாசம் அடித்தால் அது பிந்தைய காலத்துப் பிலிம். கெட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆளைக் கொல்லாது. அழுக்குச் சாக்ஸ் வாசம் அடித்தால் அது நைட்ரேட். பேசாத படங்களெல்லாம் அதில்தான் எடுத்தார்கள். தீப்பொறி பட்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

மதுரையில் ஒரு விநியோக ஆபீஸில் முப்பத்தொரு வருடம் பிலிம் செக்கராக இருந்தேன். ஊர் ஊராக ஓடித் திரும்பி வரும் ரீல்களைக் கையால் சுற்றி, ஓரத்தை விரலால் தடவி, கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டுவது வேலை. டிஜிட்டல் வந்ததும் ஆபீஸை மூடினார்கள். செல்லூரில் என் வீட்டு மாடியில் ரீல் சுற்றும் ரீவைண்டர் மட்டும் மிஞ்சியது, துணி காயப்போடத் தோதாக.

ஒருநாள் காலேஜில் சினிமாப் பாடம் எடுக்கும் அருள் சார் போன் பண்ணினார். "அம்மா, சோழவந்தான்ல ஒரு வீட்டுப் பரண்ல மூணு டப்பா கெடக்காம். ரொம்பப் பழசு. வந்து பாக்குறீங்களா?"

அது ராமலிங்கம் அய்யா வீடு. வெற்றிலைக் கொடிக்கால், கமிஷன் மண்டி எல்லாம் உள்ள குடும்பம். எழுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டியில் கறை விழாமல் உட்காரத் தெரிந்தவர். "எங்க தாத்தா சொந்தமா சினிமா எடுத்தாருன்னு சொல்லுவாக. வெள்ளைக்காரனை எதுத்து எடுத்த படமா இருக்கும்" என்றார்.

பரண் சமையலறைக்கு மேலே இருந்தது. கீழே அவர்கள் மூன்று தலைமுறையாக விறகு அடுப்பு எரித்திருக்கிறார்கள். டப்பாவை மோந்து பார்த்தேன். சாக்ஸ் வாசம்.

"அய்யா, இம்புட்டு நாளா இந்த வீடு எரியாம இருந்ததுதான் அதிசயம்" என்றேன்.

"எங்க குலதெய்வம் அப்படி" என்றார்.

2. ஏழாயிரம் பிரேம்

முதல் ரீல் பழுப்புப் பொடியாகக் கொட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் பாதிக்குப் பாதி தேறும் என்று தோன்றியது.

என் வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறிப் பட்டறை. தறி ஓடினால் என் மேஜை நடுங்கும். நடுங்கும் மேஜையில் நைட்ரேட்டைத் தொடக்கூடாது. அதனால் கரண்ட் போகும் நாட்களில் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்தேன். தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் ஒருத்தி வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

சுருங்கிப்போன பிலிமைப் புரொஜெக்டரில் மாட்ட முடியாது. ஓரத்து ஓட்டையில் பல் ஏறாது, கிழித்துவிடும். அருள் சார் சூடேறாத விளக்கு ஒன்றின் மேல் கேமராவைக் கட்டினார். ஒவ்வொரு பிரேமாக நான் நகர்த்த, அவர் படம் பிடித்தார். ஏழாயிரத்துச் சொச்சம் பிரேம். எந்தப் பிரேமில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

வெள்ளைக்காரனைக் காணோம். அது காமெடிப் படம்.

கதை இதுதான். ஒரு முதலாளியின் எருமை தொலைந்துவிடுகிறது. தொலைத்த வேலையாள் அடிக்குப் பயந்து வெற்றிலைக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒளிகிறான். கூடை நடக்கிறது, கூடை மரம் ஏறுகிறது, முதலாளி கூடையின் மேலேயே உட்கார்ந்து வியர்வை துடைக்கிறார். கடைசியில் அவர் வாய்க்கால் கரையில் குனிந்து தண்ணீருக்குள் எருமையைத் தேடும்போது, கூடை பின்னால் வந்து ஒரு உதை விடுகிறது. முதலாளி தண்ணீரில். இடையில் ஒரு எழுத்து அட்டை வரும்: 'அடே சோணை! எருமை எங்கே?'

முதலாளியாக நடித்தது ராமலிங்கம் அய்யாவின் தாத்தா. கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் உள்ள அதே மீசை.

அருள் சார் முதல் தடவை ஓட்டியபோது எல்லாரும் எறும்பு மாதிரி ஓடினார்கள். உதைத்த பிறகு சோணை கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை தட்டிக் குதித்தான். சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், இது செகண்டுக்கு இருபத்தி நாலு பிரேம்ல ஓடுது. அந்தக் காலத்துப் படம் கையால சுத்தி எடுத்தது. பதினாறுக்குக் கொறைங்க" என்றேன்.

குறைத்தார். மனிதர்கள் மனிதர்களாக நடந்தார்கள். அப்போது இரண்டு விஷயம் தெரிந்தது. குனிந்திருந்த முதலாளி உதைக்கு முன் லேசாகத் திரும்பித் தலையசைத்தார். "ம், உதை" என்பது போல. உதைத்த பிறகு சோணை கை தட்டவில்லை. கூடையைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் கிடந்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். படம் என்பதையே மறந்த கும்பிடு. கேமரா எதிர்க்கரையில் இருந்ததால் முகம் நேராகத் தெரிந்தது. உதடு நடுங்கியது. அந்த முகம் இருந்தது முப்பத்தெட்டு பிரேம்.

அருள் சார் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் 'சோணை வந்தான், போனான்' என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

3. இரண்டு வெட்டு

காலேஜ் அரங்கில் திரையிடுவது என்று முடிவானது. ராமலிங்கம் அய்யாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். படம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க தாத்தா பேரு எங்கயுமே வரலையே?"

"முதல் ரீல்ல இருந்திருக்கும்ங்கய்யா. அதுதான் பொடியாப் போச்சே."

"சோணை பேரு மட்டும் நிக்குதாக்கும்?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சோணை எங்க பண்ணையில வேல பாத்தவரு. அவரு பேரன் சமயநல்லூர்ல இருக்காப்ல. செல்வராஜு. பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு."

அருள் சார் செல்வராஜையும் அழைத்துப் படத்தைக் காட்டினார். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் காலையில் ராமலிங்கம் அய்யா செல்லூர்ச் சந்தில் காரை நுழைக்க முடியாமல் நடந்தே என் வீட்டுக்கு வந்தார். "சொந்தக்காரக அம்புட்டுப் பேரும் வாராக. சம்பந்தி வீட்லயும் வாராக. அந்த எத்துற எடத்தை எடுத்துருங்க. கும்புடுறது இருக்கட்டும். அது நல்லா மரியாதையா இருக்கு."

"எத்தாம எதுக்குங்கய்யா கும்புடணும்? பாக்குறவகளுக்குப் புரியாதே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. டப்பா என்னுது. எடுக்கலேன்னா திருப்பிக் குடுத்துருங்க. வெளிய போட்டு எரிச்சிர்றேன்."

சாயங்காலம் செல்வராஜ் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காபியைத் தொடவில்லை.

"அக்கா, எத்துறது இருக்கட்டும். அதுக்கப்புறம் கும்புடுறாரே, அதை மட்டும் வெட்டிருங்க. எம்பிள்ளைக வருதுக. பேத்தி வருது."

"தம்பி, படம் முழுக்கக் கூடை மறைச்சிருது. அந்த எடத்துலதான் உங்க தாத்தா மொகமே தெரியுது. போட்டோ எதுவும் வச்சிருக்கீகளா?"

"இல்ல. யாரு எடுத்தா அவுகளையெல்லாம்?" டம்ளரைத் தள்ளி வைத்தார். "கும்புடுற மொகம் எனக்கு வேணாம்க்கா."

இரண்டு பேரிடமும் "சரிங்க" என்றேன். ஆபீஸில் முப்பத்தொரு வருடமும் அதைத்தான் சொன்னேன். இடைவேளை லேட்டாகிறது, ஒரு பாட்டை எடு என்பார் தியேட்டர்காரர். சரிங்க. அழுகிற சீன் நீளம், குறைத்துவிடு என்பார் எங்கள் முதலாளி. சரிங்க. நான் வெட்டியதைச் சேர்த்து ஒட்டினால் பத்துப் படம் ஓட்டலாம்.

அருள் சார் பயந்துபோயிருந்தார். "ரெண்டு பேரு சொல்றதையும் செஞ்சிரலாம்மா. எந்தப் பிரேம்ல இருந்து எது வரைக்கும்னு நோட்டைப் பாத்து எழுதிக் குடுங்க."

இரண்டையும் வெட்டினால் மிச்சம் இருப்பது, ஒருவர் காரணமே இல்லாமல் தண்ணீரில் கிடப்பது. நோட்டை இரண்டு தடவை புரட்டினேன். படம் முடிந்த பிறகு வாலில் ஒன்றுமே தெரியாத கறுப்புப் பிரேம்கள் கொஞ்சம் உண்டு. அந்த நம்பர்களை எழுதிக் கொடுத்தேன்.

சார் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நம்பர்களில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், படம் பிடித்தவர் அவர்தானே. கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்பை வெட்டினார். இரண்டு பேருக்கும் போன் பண்ணி, "வெட்டியாச்சுங்க" என்றார். அது பொய்யில்லை.

4. பதினொரு மணிக் காட்சி

அரங்கில் ராமலிங்கம் அய்யாவின் சொந்தங்கள் வலது பக்கம், செல்வராஜின் குடும்பம் இடது பக்கம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில். ஓடுவதற்குத் தோது.

கூடை நடந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளி கூடை மேல் உட்கார்ந்தபோது பெரியவர்களும் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டு அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாய்க்கால் கரை வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதலாளி தலையசைத்தார். உதை விழுந்தது. அரங்கு முழுக்க ஒரே சத்தம், வலது இடது இல்லாமல். ராமலிங்கம் அய்யா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அதற்குள் கூடை கழன்றது. முகம் வந்தது. கைகள் கூடின.

சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன் வரிசையில் நின்றது, பிறகு நடுவில், கடைசியாகப் பின்னால். எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். செல்வராஜ் தலையைக் குனிந்திருந்தார். அவர் பேத்தி சத்தமாகக் கேட்டது: "தாத்தா, அவரு உன்னை மாதிரியே இருக்காரு. எதுக்கு அழுறாரு?"

செல்வராஜ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. "அந்தக் கடைசி எடத்தை இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார். போட்டார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, உதைக்கும்கூட.

வெளியே டீ கொடுக்கும் இடத்தில் ராமலிங்கம் அய்யா என்னை விரலை நீட்டித் திட்டப் போனார். அதற்குள் சம்பந்தி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க தாத்தா பெரிய மனுசன்ங்க. அந்தக் காலத்துலயே வேலைக்காரன்கிட்ட எத்து வாங்கி நடிச்சிருக்காரே!"

அய்யாவின் விரல் மடங்கியது. "ஆமா, அவரேதான எத்தச் சொன்னாரு! தலைய ஆட்டுனாரே, பாத்தீகல்ல?" என்றார், அதற்காகவே படத்தைத் திரையிட்டவர் போல. பக்கத்தில் டீயோடு நின்ற செல்வராஜைத் திரும்பிப் பார்த்தார். "என்ன செல்வராஜு?"

"பாத்தேங்கய்யா" என்றார் செல்வராஜ். "சொல்லாமலே எத்தியிருந்தா கும்புட்டிருக்க மாட்டாரு."

ராமலிங்கம் அய்யா சிரிக்க ஆரம்பித்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் டீயைக் குடித்தார்.

5. சமயநல்லூரில்

ரீல்கள் இப்போது குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. அய்யா வீட்டுக் கூடத்தில், தாத்தா தண்ணீரில் கிடக்கும் காட்சி பெரிய ஃபிரேமில் தொங்குகிறதாம்.

செல்வராஜ் அந்த முப்பத்தெட்டு பிரேமில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்து, கண் மூடாத பிரேமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். போன மாதம் பேத்தியின் காதுகுத்துக்கு அழைத்திருந்தார். போனேன். வாசலைப் பார்த்த சுவரில் மாலையோடு படம்.

முகம் மட்டும் இருந்தது. தாடைக்குக் கீழே வெட்டியிருந்தார். விரல் நுனிகூடத் தெரியவில்லை. தொழில் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், சுத்தமான வெட்டு. கும்பிடு இல்லாமல் பார்த்தால் உதடு நடுங்குவதுகூட, ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலத்தான் இருந்தது.

"நல்லாருக்காக்கா?" என்றார் செல்வராஜ்.

"நல்லாருக்கு தம்பி" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மூலப் பிலிமில் கை வைக்காதீர்கள். யார் கேட்டாலும் முழுசாக வைத்திருங்கள். பிரிண்ட் போட்டுக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதை அவர்கள் வீட்டில் எங்கே வெட்டி மாட்டுகிறார்கள் என்று கேட்பது நம் வேலை இல்லை.