நைட்டி மேல் போட்ட துண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டராக இருந்தபோது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். "நல்லா வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் சேலைப் பூவேலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். பாவம், ஒரு டீச்சர் ரொம்ப நேரம் 'ஆ'வென்றே கிடந்தார்.

சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்கு ராஜயோகம்தான். வழியெல்லாம் கொடியில் துணி காயும். லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், சாயம் போன நைட்டிகள். காற்று உள்ளே புகுந்தால் எல்லாவற்றுக்கும் உடம்பு வந்துவிடும். அந்த ஜன்னல் சீட்டுக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். கிளினிக்குக்கு ஒருநாளும் ஏங்கியதில்லை.

ஒருநாள் வேலையை விட்டேன். அம்மா ஆடிப்போய்விட்டார்.

"டாக்டரம்மான்னு ஊரே கூப்புடுது. அத வுட்டுட்டு இன்னாத்தடி கிழிக்கப் போற?"

நைட்டியைத்தான் கிழித்தேன். பால்காரர் மணியடித்ததும் நம் பெண்கள் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்களே, அந்தக் கோலத்தில் ஒரு பெண். தெருவில் பழைய நைட்டிகள் கேட்டு வாங்கி, வெட்டி, ஒட்டுப்போட்டு, சுவர் உயரத்துக்கு அவளைத் தைத்தேன். அம்மாவுக்கு மானம் போயிற்று. "கந்தலக் கொண்டுபோயி சுவத்துல மாட்டுவாளாம்!" என்று நான் தைக்கும் அறைப் பக்கமே வரவில்லை. ரோஷக்காரி. நானும் அவர் வயிற்றில் பிறந்தவள்தானே, கூப்பிடவில்லை. ஆனால் யார் பாராட்டினாலும் மனசு ஆறவில்லை. அம்மா ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்றிருந்தது.

கடலூரில் முதல் கண்காட்சி. கிளம்பும் காலையில் குளித்துவிட்டு வருகிறேன், அறைக்குள் அம்மா. கையில் மஞ்சள் கிண்ணம். என் துணிப்பெண்ணின் நாலு மூலையிலும் மஞ்சள் ஈரமாக ஊறிக்கொண்டிருக்கிறது!

"ஐயய்யோ! உனக்குப் புத்தி இருக்காம்மா? இது என்ன கட்டிக்கிற துணியா?"

எங்கள் வீட்டில் மூலையில் மஞ்சள் வைக்காமல் யாரும் புதுசு உடுத்தியதில்லை. அதற்காக இதற்குமா! மாசக்கணக்கில் தைத்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

அம்மா அசரவில்லை. "கத்தாதடி. புதுத்துணிய மஞ்ச வெக்காம யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா?"

பிறகு கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். "இது என் பச்சப்பூ நைட்டிதானே? எங்கெங்கயோ தேடிக்கிட்டிருக்கேன், திருட்டுக் கழுத." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "துண்டு போட்டிருக்கறதும் என்னை மாதிரியே இருக்கு."

மஞ்சளைத் துடைக்க எடுத்த துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனவர், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

"பஸ்ஸு எத்தினி மணிக்கு? நானும் வரேன். இது யாருன்னு நாலு பேரு கேப்பாங்க இல்ல, நான்தான்னு சொல்றதுக்கு ஆளு வேணாமா?"