கழுத்துப் பட்டியில் ஊசி

என் வீட்டுக்காரரை எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. துணி வெட்டுவது அவர், பட்டனுக்குக் காஜா எடுப்பது நான். கல்யாணமானதிலிருந்து பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

போன மாதம் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார்.

"ரெண்டும் இடது கையா இருக்கிறவன் எங்கேயாவது இருப்பான், அவனுக்கு வித்துடலாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பேச்சில் விட்ட இடம் தெரியாமல் முழிக்கிறார். டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் போட்டுக்கொள்ள ஓர் அங்கி கொடுத்தார்கள். அதன் கழுத்து நாடா பிய்ந்திருந்தது. இவருக்குப் பொறுக்குமா? தன் சட்டையில் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்து, அங்கேயே தைத்துப் போட்டுக்கொண்டார்.

"உள்ளே பெரிய காந்தம் இருக்கு. இரும்பு, நகை எதுவும் இல்லையே ஐயா?" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

கூட்டிப் போனாள். நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். அப்போதுதான் உறைத்தது. தைத்து முடித்தால் ஊசியை அவர் எங்கே செருகுவார்? தைத்த துணியின் கழுத்துப் பட்டியில்தான்! எழுந்து ஓடினேன்.

"அம்மா, நில்லு! அவர் கழுத்துல ஊசி!"

மிஷின் அறைக் கதவில் கைவைத்தவள் அப்படியே நின்றாள். பட்டியைத் தடவி ஊசியை உருவினாள்.

"கண்ணுல பாஞ்சிருந்தா என்ன ஐயா ஆகியிருக்கும்?"

"பழக்கம்மா" என்றார். முகம் வெளுத்திருந்தது.

பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். துணியில் சாக்பீஸ் பொடியை ஊதிவிட்டது போல மூளைக்குள் வெள்ளைத் திட்டுகள்.

"மூளைக்குள்ள ரொம்பச் சின்னச் சின்ன ரத்தக் குழாய் இருக்கு. ரத்தக் கொதிப்புல அது கெட்டுப்போய், ரத்தம் சரியாப் போகாத இடம் இதெல்லாம். போனது போனதுதான். மாத்திரையை விடாம போட்டு, பீடியை விட்டா, மேல பரவாமப் பாத்துக்கலாம்."

"துணி வெட்டலாமா டாக்டர்?" அவர் கேட்டது இது ஒன்றுதான்.

"வெட்டுங்க. பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்."

அந்த ஊசியை மறந்தது பழக்கமா, வெள்ளைத் திட்டா? கடவுளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஒரு சட்டைக்கு இடது கையைச் சரியாக வெட்டினார். அடுத்ததற்குத் துணியை விரித்தார். கத்தரி திறந்தபடியே நின்றது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இது எந்தக் கைடி?"

என் வலது கையைத் துணிமேல் வைத்தேன்.