விஜயகலாவின் கசப்புச் சுரை

எஹலியகொடைப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் விஜயகலா. என் பக்கத்து வீட்டுக்காரி. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் காடாய்க் கிடந்த சரிவைத் தனியாளாய் வெட்டித் திருத்தி, அம்மா கொடுத்த சுரை விதையைப் போட்டாள். காய்கள் தொங்கத் தொடங்கியதும் அழகமுத்து கங்காணி வந்து நின்றார்.

"இது தொரை எனக்குக் குடுத்த எடம். நீ எறங்கிக்க புள்ள."

பச்சைப் பொய். தோட்ட மேலாளரான துரை அப்படி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் கங்காணியை எதிர்த்துக் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது? அவளுக்கு மிஞ்சியது வாசலோரம் ஒரு துண்டு நிலம்; அம்மாவின் விதையை அதில் ஊன்றினாள். அதோடு விட்டாரா? அடுத்த தடவைக்கு விதையும் அவளிடமே கேட்டார். வெட்கங்கெட்ட ஜென்மம்!

"தாறேங்க ஐயா," என்றாள். அத்தனை பணிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

விதைக்கு விடும் காயை எங்கள் ஆட்கள் காம்போரம் கீறி நக்கிப் பார்ப்பார்கள். கசந்தால் கொடியையே பிடுங்கி எறிவார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித் தேர்ந்தெடுத்துத்தான் காட்டுக்காய் கறிக்காய் ஆனது என்று பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். விஜயகலா தலைகீழாகச் செய்தாள். காட்டோரம் தானாய் முளைத்துக் கசந்த கொடியைத் தேடிப் பிடித்து, அதன் விதையைக் கங்காணிக்குக் கொடுத்தாள்.

கொடி அமோகமாய்க் காய்த்தது. கங்காணி முதல் காய்களைச் சமைத்து வீட்டுச் சாமிக்குப் படையல் போட்டு, துரையையும் சாப்பிட அழைத்தார். பரிமாற விஜயகலா. படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதை அவள் மறக்கவில்லை.

துரை ஒரு வாய் வைத்து, "தித்தய்!" என்று, கசக்கிறது என்பதைச் சிங்களத்தில் கத்தித் துப்பினார். "எங்க வெளஞ்ச காய் இது?"

கங்காணி வாய் திறக்குமுன் விஜயகலா சத்தமாய்ச் சொன்னாள்: "நீங்க குடுத்த எடத்துலதாங்க தொரை. லயத்துக்குப் பின்னால."

"நான் எப்ப குடுத்தேன்?"

துரை விசாரித்தார்; சரிவு அவளுக்கே திரும்பியது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

வாசலோரக் காயில் எடுத்த நல்ல விதையை அங்கே நட்டாள். அத்தனையும் கசந்தது. கங்காணியின் பூவிலும் இவள் பூவிலும் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலந்தது ஒரே வண்டுதானே. வேலி தாண்டிக் கலந்துதான் மனிதர்களும் இத்தனை நிறமும் முகமுமாக ஆனார்கள் என்று அடுத்த பாடமே வருகிறது. வண்டை நானும் யோசிக்கவில்லை.

"அம்மா குடுத்த வெத போயிருச்சே புள்ள," என்றேன்.

அவள் கண் கலங்கியிருந்தது.

"போகட்டுங்க சேர். அவன் இன்னும் கங்காணியாத்தானே இருக்கான்."

அந்தக் கசப்புக் கொடிகளில் ஒன்றை மட்டும் அவள் பிடுங்காமல் விதைக்கு விட்டுவைத்தாள்.